திறக்காத நாலாவது சில்லு

1

இந்தக் கதை எனக்குள் உதித்தது என்று பொய் சொல்லமாட்டேன். இது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு ஒரு பெண்மணி ஏறிவந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே டின்னை என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய இரும்புத் துண்டுகள், தாள் முழுக்கக் கிறீஸ். அந்தக் கிறீஸ் என் கையெழுத்துப் பிரதி ஒன்றில் பட்டது, நான் முகம் சுளித்தேன். அவர் அதைக் கண்டார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கதையில் எதையும் ஒளிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வெட்டிய வரிகளைக்கூட வெட்டியபடியே விட்டுவைப்பேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அவர் பெயர் கொன்ஸ்ரன்ஸ். கொட்டாஞ்சேனையில் ஒரு லேத் பட்டறை நடத்துகிறார். வயது ஐம்பத்திரண்டு. கராஜ்காரர்கள் ஒரு பழைய காரைத் திருத்திப் பூட்டுவார்கள். பூட்டியதை வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டம் முடிந்த பிறகு உறுப்புகளை மறுபடி கழற்றி, எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அளந்து எழுதிக்கொடுப்பவர் இவர்.

நான் மலர் எழுதுகிறவன். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், பெரிய மனிதர்களின் மணிவிழா மலர். படமும் புகழும் அவர்களுடையவை, தமிழ் மட்டும் என்னுடையது. கடைசியாக நான் எழுதியது குமரப்பன் அவர்களின் மணிவிழா மலர். புறக்கோட்டையில் புடைவை வியாபாரம், வெள்ளவத்தையில் வீடு, வீட்டில் அவருடைய தகப்பனார் வாங்கிய முப்பத்தெட்டாம் ஆண்டுக் கார்.* முந்தின வருடம் அந்தக் கார் யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டு, தம்புள்ளைக்குச் சற்று முன்னால் முன் இடது சில்லு, அதாவது சக்கரம், கழன்று, மரத்தில் மோதியது. ஓட்டிய இஸ்ஸதீனின் இடுப்பெலும்பு முறிந்தது. மலரின் நாற்பத்தோராம் பக்கத்தில் இதை உருக்கமாக எழுதியவன் நான். 'பரிசோதித்தவரின் கவனக்குறைவால்' என்று எழுதியவனும் நான்தான்.

பெயர் போடவில்லை. போட வேண்டியிருக்கவில்லை. ஓடிய வண்டியைக் கழற்றி அளக்கிறவர் என்றால் கொட்டாஞ்சேனையில் ஒருவர்தான்.

"இஸ்ஸதீன் அத வாசிச்சிருக்கார்," என்றார் கொன்ஸ்ரன்ஸ். "தெஹிவளைக்கு அவரப் பார்க்கப் போனன். தூங்கிறார் எண்டு சொல்லி மனுசி கதவ மூடிட்டா. பின்னேரம் நாலு மணிக்கு யார் தூங்கிற? எனக்கு நட்டஈடும் வேணாம், மன்னிப்பும் வேணாம். நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க. அந்த மனுசன் அத வாசிக்கணும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. இனி நீங்கள் வாசிக்கப்போவது அதற்காக எழுதப்பட்டது.

* என்ன கார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் பழைய கார் பிரியர்கள் காரைப் பற்றியே கடிதம் எழுதுவார்கள், இடுப்பைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[மர்ஸூக் தன் எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது]

மர்ஸூக் என்று யாரும் இல்லை. ஒரு சஞ்சிகை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். கதை நல்லது, ஆனால் மைக்ரோமீற்றர் பிடிக்கிற பெண்ணை வாசகர் நம்பமாட்டார், ஆணாக மாற்றிவிடுங்கள் என்றார். நானும் வெட்கமில்லாமல் மாற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பிறகுதான் கோபம் வந்தது. என் எதிரே உட்கார்ந்து சீனி போதாது என்று சொல்லித் தேநீர் குடித்த மனுஷியை நம்பமுடியாதாம். பத்துத் தலை வைத்தவனை நம்புவார்கள், மலையைத் தூக்கினவனை நம்புவார்கள், ஒரு பெண் இரும்பை அளந்தால் மட்டும் சந்தேகம் வந்துவிடும். மர்ஸூக்கைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

[அந்தக் கார் கப்பலில் வந்து இறங்கிய நாளில் துறைமுகத்தில் ஒரு சிறு கூட்டமே கூடியிருந்தது. அதன் விளக்குகள்]

இது மலர் எழுதிய கையின் பழக்கம். காருக்கு வம்சாவளி எழுதும் கை, அதைப் பதினெட்டு வருடம் ஓட்டியவனுக்கு அரை வரி எழுதாது. இதையும் விட்டேன்.

ஆகவே ஓட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

3

போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. காரில் மூன்று பேர். ஓட்டுவது இஸ்ஸதீன், அவர் பக்கத்தில் கொன்ஸ்ரன்ஸ், பின்னால் வெள்ளை வேட்டியோடு குமரப்பன். அவருடைய அப்பச்சி ஐம்பதுகளில் இதே காரில் யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போய்வந்தவர். பாதை திறந்ததும் மகனுக்கும் அதே ஆசை. ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன் போன வழியில் ஒருதரம் போய்வர யாருக்குத்தான் மனம் வராது?

அதற்கு முன் சோதனை ஓட்டமாக ஹைலெவல் வீதியால் அவிசாவளை போய், களனி கங்கைக் கரைவழியாகத் திரும்புவதென்று ஏற்பாடு. கொன்ஸ்ரன்ஸ் காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றி, வெறுங்காலைக் காரின் தரையில் ஊன்றிக்கொண்டார். காது ஏமாறும், கால் ஏமாறாது என்பது அவர் கணக்கு. கியர் மாறும்போது ஒரு அதிர்வு வரும், அது பழுதில்லை. பிரேக் பிடிக்கும்போது இன்னொன்று வரும், அதுவும் அவருக்குத் தெரியும். திரும்பும் வழியில் கடுவலை தாண்டியதும் இடது காலின் கீழ் மெல்லிய நடுக்கம் ஒன்று வந்தது. வீதியா, வண்டியா என்று அவரால் நிச்சயிக்க முடியவில்லை. இஸ்ஸதீனின் முகத்தைப் பார்த்தார். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, பட்டறைக்குப் போனதும் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கொன்ஸ்ரன்ஸ் நினைத்தார்.

கை வைப்பதுதான் அவருடைய முதல் சோதனை. ஓட்டம் முடிந்த வண்டி சூடு ஆறுமுன் நேராகப் பட்டறைக்குள் வரவேண்டும். நின்ற ஐந்து நிமிடத்துக்குள் நாலு சில்லின் நடுவிலும் உள்ளங்கையை வைப்பார். உள்ளே இருக்கும் பெயாரிங், அதாவது சில்லு சுழல்வதற்கான குண்டு வளையம், நல்லதென்றால் இளஞ்சூடுதான் இருக்கும். கெட்டிருந்தால் கை தரிக்காது. ஆறிய பிறகு தொட்டால் நாலும் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றும் சொல்லாது.

வண்டி கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்தது. பட்டறைக்கு மூன்று தெரு இருக்கும்போது பின்னாலிருந்து குமரப்பனின் குரல் கேட்டது. "இஸ்ஸதீன், நேரே கோயிலுக்கு விடு. பதினொண்ணேகாலோட நல்ல நேரம் முடியுது."

4

புது வண்டி வாங்கினாலும் பழையதைப் புதுப்பித்தாலும் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைப்பது நம்மவர் வழக்கம். இந்துக்கள் மட்டும் செய்வது என்றும் இல்லை. குமரப்பன் வீட்டு வண்டிகளுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தது இஸ்ஸதீன்தான். அதை யாரும் புதினமாகப் பார்த்ததில்லை.

நான் வழக்கத்தைத் திட்டவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நான் ஒரு சைக்கிள் வாங்கினாலும் எலுமிச்சம்பழம் வைப்பேன். என் கோபமெல்லாம் நேரத்தைப் பற்றியது. ஓட்டத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம், எல்லாம் கழற்றிப் பார்த்துப் பூட்டிய பிறகும் வைத்திருக்கலாம். சோதனையின் சரி நடுவில், இரும்பு சூடாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தானா வைக்க வேண்டும்?

கொன்ஸ்ரன்ஸ் மறுத்துப் பார்த்தார். பத்து நிமிஷந்தான் என்றார் குமரப்பன். உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்ததால் குருக்கள் வெளியே வர ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், வாகனத்துக்குக் கிட்ட நிற்பது பூசை செய்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று கொன்ஸ்ரன்ஸ் தெருவுக்கு மறுபக்கம், ஒரு கடையின் நிழலில் நின்றார். அங்கே நின்று மணிக்கூட்டைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யமுடியவில்லை. வண்டி ஆறிக்கொண்டிருந்தது.

[அவர் கண்களில் ஒரு துளி]

இல்லை. அழவில்லை என்று அவரே சொன்னார். பசி என்றார்.

5

பட்டறைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது நாலு சில்லும் குளிர்ந்திருந்தன. சரி, கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்று கொன்ஸ்ரன்ஸ் வேலையைத் தொடங்கினார். எஞ்சின் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தார். சாம்பல் நிறக் கசடு கொஞ்சம் தங்கியது, மினுக்கம் இல்லை, அதனால் பயமில்லை. கியர்ப்பெட்டியின் அடிமூடியில் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புப் பொடியை விரலால் உருட்டிப் பார்த்தார். மாவாக இருந்தது, செதிலாக இல்லை. அதுவும் நல்லதுதான்.

அடுத்த நாள் வியாழன் முழுவதும் சில்லுகள். அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அளந்து, தாளில் எழுதினார். மூன்று முடிந்தது. மூன்றும் சரி. பின்னேரம் நாலாவதை ஜக் வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினார். ஸ்குரூ டிரைவரின் நுனியை அச்சில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். உள்ளே மணல் அரைபட்டது.

மூடியைக் கழற்றச் சாவியை எடுத்த நேரம் குமரப்பன் உள்ளே வந்தார். இஸ்ஸதீனை எதிர்க் கடைக்குத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, வண்டி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர். சந்தனமும் மாலையும் போட்ட அவர் அப்பச்சியின் கார் நாலு காலும் தரையில் படாமல் நின்றதைக் கண்டார்.

"ஏம்மா, சாமி முன்னாடி நிறுத்துன வண்டிய இப்பிடிப் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே. பூசை ஆனப்புறம் யாராச்சும் திறப்பாங்களா?"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே பதறிப்போனார். அதையும் நான் எழுதத்தான் வேண்டும். மூன்றைத் திறந்தது போதும், நாலாவதைத் தொடவேண்டாம், மூன்று நல்லதென்றால் நாலாவதும் நல்லதாகத்தான் இருக்கும், மீதியைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்றார். கொன்ஸ்ரன்ஸ் சத்தத்தைச் சொன்னார், அவரையே காதை வைத்துக் கேட்கச் சொன்னார். அவர் கேட்கவில்லை.

[பிள்ளையார் பார்க்கிறதென்றாலும் திறந்துதான் பார்க்கவேண்டும் என்றார் கொன்ஸ்ரன்ஸ்.]

இந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் வாசித்துக் காட்டினேன். "நான் அப்பிடிச் சொல்லல்ல," என்றார். "அவர்ட சாமியப் பத்திக் கதைக்க நான் யார்? வண்டி நல்லம் எண்டு கையெழுத்து வைக்க ஏலாது எண்டு மட்டும்தான் சொன்னன்." என் மூளை வேலைசெய்யும் விதம் அது, ஒரு நல்ல வசனத்துக்காக யார் வாயிலும் எதையும் வைத்துவிடும். வெட்டிவிட்டேன்.

கொன்ஸ்ரன்ஸ் அதன்பிறகு செய்ததை நானாக இருந்தால் செய்திருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போய், வெளிவாசலில் நின்று, குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார். பூசை செய்த வண்டியைத் திறக்கலாமா? குருக்கள் தாராளமாகத் திறக்கச் சொன்னார். மனக்குறையென்றால் பூட்டின பிறகு இன்னொரு எலுமிச்சம்பழம் வைத்தால் சரி என்றார்.

இன்னொரு எலுமிச்சம்பழம். ஒரு மனிதனின் இடுப்பெலும்புக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். கொன்ஸ்ரன்ஸ் பட்டறைக்குத் திரும்பிவந்தபோது, முதல் நாள் இரவு சில்லுகளைப் பூட்டி இறக்கி வைத்திருந்த கார் அங்கே இல்லை. இஸ்ஸதீனை அனுப்பி எடுப்பித்துவிட்டார்கள். கொன்ஸ்ரன்ஸ் தாளை எழுதிக் கையொப்பமிட்டு அன்றைக்கே குமரப்பன் வீட்டுக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். ஞாயிறு விடியற்காலை கார் புறப்பட்டது.

6

இனி என் முறை.

அந்தத் தாள் என் கையில் இருந்தது. மலருக்காகக் குமரப்பன் தந்த கோப்பில் பழைய படங்களுக்கும் வாழ்த்துக் கவிதைகளுக்கும் நடுவில் இருந்தது. எதையும் ஒளிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நாலு கட்டம் போட்ட தாள். மூன்றில் அளவுகள். நாலாவதில் நாலு சிறு வசனம்:

முன் இடது. சத்தம் உண்டு. திறக்க விடவில்லை. திறந்து பார்க்காமல் தூர ஓட்டம் கூடாது.

நான் அதை வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொல்லித் தப்பலாம், ஆனால் வாசித்தேன். என் முதல் பிரதியில் இப்படி எழுதியும் இருந்தேன்:

[புறப்படுமுன் வண்டியின் நான்கு சில்லுகளில் மூன்று நன்கு பரிசோதிக்கப்பட்டன; முன் இடது சில்லு திறக்கப்படவில்லை.]

வாசித்துப் பார்த்தேன். அந்த வசனம் நொண்டியது. மணிவிழா மலரில் 'திறக்கப்படவில்லை' என்று ஒரு சொல் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது. 'சில்லுகள் யாவும் செவ்வனே பரிசோதிக்கப்பட்டன' என்று மாற்றினேன். ஓசை வந்தது. ஓசை வந்ததும், எல்லாம் பரிசோதித்தும் சில்லு ஏன் கழன்றது என்ற கேள்வி வந்தது. அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 'பரிசோதித்தவரின் கவனக்குறைவால்' என்று எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. குமரப்பன் வாசித்துவிட்டு அருமை என்றார்.

ஒரு அங்குலத்தை ஆயிரம் கூறாகப் பிரித்து அதில் இரண்டு கூறு தேய்ந்ததைக்கூடத் தாளில் எழுதிவைக்கிற மனுஷியின் பெயரை, 'யாவும்' என்ற ஒரு சொல்லின் அழகுக்காக நான் கெடுத்தேன். இந்தக் கதையில் அரைகுறை வசனங்களெல்லாம் வெளியே கிடக்கின்றனவே, என்ன எழுத்து இது என்று சலித்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பதில். இனி நான் வெட்டியதை எல்லோரும் பார்க்கட்டும்.

டின்னில் இருந்தது உடைந்த அந்தப் பெயாரிங். விபத்துக்குப் பிறகு கொன்ஸ்ரன்ஸ் தம்புள்ளை வரை பஸ்ஸில் போய், கார் கிடந்த வளவில் கேட்டு வாங்கிவந்திருக்கிறார். வளையத்தின் உட்பக்கத்தை எனக்குக் காட்டினார். அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஓரம் நீலம் பாரித்திருந்தது. அது சூடு ஏறி ஏறி வருகிற நிறம். இந்தப் பள்ளங்கள் ஒரு நாள் ஓட்டத்தில் வராது, மாதக்கணக்கில் வருவது, அன்றைக்குத் திறந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்திருப்பேன் என்றார். என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளங்களின்மேல் தடவவைத்தார்.

7

குமரப்பனைப் பார்க்கப் போனேன். திருத்தம் ஒன்று அச்சிடவேண்டும் என்றேன். அவர் மரியாதை தெரிந்தவர், பழரசம் கொடுத்தார். மலர் ஆயிரம் பிரதியும் போய்விட்டது என்றார். அந்த அம்மாவின் பெயரை எங்கேயாவது போட்டிருக்கிறோமா என்று கேட்டார். அன்றைக்குக் காரின் பின் ஆசனத்தில் தானும் இருந்ததையும், ஒரு கீறலோடு தப்பியதையும் சொல்லிக் கண் கலங்கினார். பிள்ளையார் காப்பாற்றினார் என்றார்.

நான் படி இறங்கும்போது கணக்குப் பார்த்தேன். குமரப்பனைக் காப்பாற்றியது பிள்ளையார். சில்லைக் கழற்றியது கொன்ஸ்ரன்ஸ். இஸ்ஸதீனின் இடுப்பை முறித்தது மரம். இந்தக் கணக்கில் குமரப்பன் செய்தது என்று ஒன்றுமே இல்லை. தன் காரில், தன் சொல்லில் நடந்த ஒரு காரியத்தில் ஒருவரால் இவ்வளவு சுத்தமாக இல்லாமல் இருக்கமுடியுமா? கோபத்தில் என் வீட்டையும் தாண்டிப் பம்பலப்பிட்டி வரை நடந்தே போய்விட்டேன்.

8

முடிவுக்கு மூன்று வழி எழுதிக் கொன்ஸ்ரன்ஸிடம் கொண்டுபோனேன். பட்டறையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன்.

ஒன்று, குமரப்பன் பட்டறைக்கு வந்து எல்லார் முன்னாலும் கைகூப்புகிறார். கேட்டுவிட்டு, அவர் வந்தால் உட்காரக் கதிரை கொடுப்பேன், வேறென்ன செய்கிறது என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

இரண்டு, வழக்கு. நீதிபதி வளையத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். கொன்ஸ்ரன்ஸ் சிரித்தார். தவணை போட்டுப் போட்டே வளையம் துருப்பிடித்துவிடும் என்றார்.

மூன்றாவதை நான் நம்பியிருந்தேன். அதில் வெள்ளிக்கிழமை இஸ்ஸதீன் காரை எடுக்க வருகிறார், கார் கிளம்பவில்லை, கதை அங்கே நின்றுவிடுகிறது, யாரும் தம்புள்ளைக்குப் போகவில்லை. கொன்ஸ்ரன்ஸ் லேத்தை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார். 

"அப்பிடி எழுதினா அவர் எழும்பி நடப்பாரா?" என்றார்.

தாள்களை மடித்து வைத்துக்கொண்டேன். எழுதினவரையில் கொண்டுபோய் இஸ்ஸதீனிடம் கொடுங்கள், முடிவு இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார்.

9

தெஹிவளையில் இரண்டாம் மாடி. ஹபீலா கதவைத் திறந்தார், இஸ்ஸதீனின் மனைவி. பெயரைச் சொன்னதும் மூடப்பார்த்தார். உள்ளேயிருந்து இஸ்ஸதீனின் குரல், வரட்டும் என்றது.

ஊன்றுதடி கதிரையில் சாய்ந்திருந்தது. அவர் கண்ணாடி போட்டு, விரலை வரியின் கீழ் ஓட்டி ஓட்டி, ஒரு மணிநேரம் வாசித்தார். கோயில் பகுதி வந்ததும் நிறுத்தினார். முதலிலிருந்து அதை மறுபடி வாசித்தார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மலர் எழுதக்கொள்ள எனக்கிட்ட கேக்கல்ல. இத எழுதக்கொள்ளயும் கேக்கல்ல. ரெண்டு தரம் எழுதிட்டீங்க. நான் இங்கதானே ஈக்கிறேன்."

 அவர் சொன்னதுதான் உண்மை. நேர்மையாக எழுதுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு எட்டுப் பகுதி எழுதியிருந்தேன். அதில் காரை ஓட்டியவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆகவே அப்போது கேட்டேன்.

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும், குருக்கள் வருமுன்பே, எலுமிச்சம்பழம் வைக்க முன் இடது சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். எழும்பும்போது நிலைதவறி, சில்லின் நடுவில் கையை ஊன்றினார். உள்ளங்கை பொரிந்தது. முதலாளியிடம் சொன்னார். இவ்வளவு தூரம் ஓடினால் சுடாமல் என்ன செய்யும் என்றார் முதலாளி. கொன்ஸ்ரன்ஸ் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றார், பத்து எட்டு எடுத்துவைத்தால் போதும். போய்ச் சொல்லியிருக்கலாம். முதலாளிக்குச் சொல்லியாயிற்று, அவருக்கு மேலால் போய் இன்னொருவரிடம் சொல்வது சரியில்லை என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை, தெரிந்துகொண்டே வண்டியை எடுத்தார்.

"கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸுட முகத்த எப்பிடிப் பாக்கிற? அவங்க பிழை செஞ்சாங்கண்டு நான் ஒருநாளும் நெனைக்கல்ல. பிழை எனக்கிட்ட."

இதை எழுதலாமா என்று கேட்டேன். அவர் ஹபீலாவைப் பார்த்தார். குசினி வாசலில் ஒரு அரிசி மூடை நின்றது. மாதாமாதம் முதலாளி வீட்டிலிருந்து வருவது. முதலாளி கல் நெஞ்சுக்காரர் இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை, ஆனால் இந்தப் பகுதி அச்சில் வந்த பிறகு அந்த மூடை வருமா என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். வீட்டை வேறு ஊரில் வைக்கிறேன், காரை லொறி ஆக்குகிறேன் என்றேன்.  நான் அவர் சொன்னதை அங்கேயே உட்கார்ந்து எழுதி, தாள்களைக் கொடுத்து, யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹபீலா கதவுக்கு வெளியே வந்து தாள்களைத் தந்தார். ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை. கடைசித் தாளின் பின்பக்கத்தில், இஸ்ஸதீனின் கையெழுத்தில் அல்ல, ஹபீலாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது:

பெயர் மாத்த வேணாம்.

10

மாற்றவில்லை.

நேராகக் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கொன்ஸ்ரன்ஸிடம் ஒன்பதாம் பகுதியை வாசித்தேன். அவர் மனம் ஆறும், ஒருவேளை அழுவார் என்று எதிர்பார்த்தேன். முடிவு தன்னாலே அமைந்துவிட்டதே என்று ஒரு எழுத்தாளனின் அற்ப சந்தோஷமும் எனக்குள் இருந்தது.

அவர் ஆறவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"கை பொரிஞ்சதா?" என்றார். நான் தலையாட்டினேன். "பத்து எட்டில நிண்டன். மணிக்கூட்டப் பார்த்துக்கொண்டு நிண்டன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அதத்தானே முதல்ல திறந்திருப்பன். புதன்கிழமையே திறந்திருப்பன். குமரப்பன் வாறதுக்கு முதல் முடிஞ்சிருக்கும்."

இஸ்ஸதீன் தன்னைக் குற்றவாளி என்று நினைக்கக்கூடாது என்றுதான் கொன்ஸ்ரன்ஸ் இத்தனை மாதம் அலைந்தார். இப்போது இஸ்ஸதீன்மேலேயே கோபம்.  அவர் சொன்னதும் நியாயம், அந்த மனிதன் வாய் திறக்காததும் எனக்கு விளங்கியது. பதினெட்டு வருடம் ஒரு முதலாளிக்கு வண்டி ஓட்டியவன் பத்து எட்டைக் கடப்பது லேசான காரியமா? லேசில்லாவிட்டால் கடக்காமல் இருக்கலாமா? இதற்கு என்னிடம் விடையில்லை. உங்களிடம் இருந்தால் அதுதான் முடிவு.

கொன்ஸ்ரன்ஸ் லேத்தின் சுவிட்சை மூடினார். மண்ணெண்ணெயில் கைகழுவி, பிறகு சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கழுவினார். கைப்பையை எடுத்தார். தெஹிவளைக்கா என்று கேட்டேன். ஓம் என்றார். ஏசவா, பேசவா என்று கேட்டேன். போய்த்தான் பார்க்கவேண்டும் என்றார். நானும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க வர வேணாம்," என்றார். "நீங்க வந்தா அதையும் எழுதிப்போடுவீங்க."

நான் போகவில்லை.